கணக்குப்பதிவியல் வகுப்பில் டேலி, கூகுள் ஷீட்ஸ், மாணவர் கையில் பாடம்: ஆறு வருட அனுபவம்

தமிழ்நாட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறேன். 2019-20இல் 12ஆம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தது. அதன் கடைசிப் பாடம் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள். கணினியே தொடாமல் அதை நடத்தி முடிக்கலாம், பலர் அப்படித்தான் முடிக்கிறோம். பொதுத்தேர்வில் பேனாவும் தாளும்தானே! எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. லேபில் இருந்த கணினிகளில் டேலியை ஏற்றி, வாரம் ஒரு பீரியட் ஒதுக்கினேன்.

முதலில் டேலி. உரிமம் வாங்காமல், பழகுவதற்கென்றே இருக்கும் 'எஜுகேஷனல் மோட்' வசதியில் இலவசமாக ஓட்டலாம். ஆனால் மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். புத்தகக் கணக்கில் "மார்ச் 14 அன்று சரக்கு வாங்கியது" என்று இருந்தால், எல்லாவற்றையும் 1ஆம் தேதிக்குத் தள்ள வேண்டும். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் (நம் ஏட்டையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடுவது) மாதிரி தேதியை நம்பியிருக்கும் பாடத்துக்கு இது உதவவே உதவாது. அடுத்த தலைவலி, புத்தகத்தில் இருப்பது டேலி ஈஆர்பி 9 என்ற பழைய பதிப்பு. 2020 கடைசியில் டேலி பிரைம் என்ற புதிய பதிப்பு வந்துவிட்டது. புத்தகம் சொல்கிற 'அக்கவுண்ட்ஸ் இன்ஃபோ' என்ற மெனுவே அதில் கிடையாது. நான் தேடிக்கொண்டிருந்தபோது பின் பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், நேரா கிரியேட்னு இருக்கு பாருங்க" என்றான். வகுப்பை அவர்கள் கையில் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அந்தப் பையன் பேரேட்டுக் கணக்கில் (பதிவுகளை ஒவ்வொரு கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுவது) பத்துக்கு நான்கு வாங்குபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நல்லது என்னவென்றால் எஃப்4 எதிர்ப்பதிவு (ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே பணம் மாறுவது), எஃப்5 செலுத்துதல், எஃப்6 பெறுதல், எஃப்7 குறிப்பேடு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். இந்த ஆறு விசைகளைப் பழகியபின், நடவடிக்கை எந்த ஏட்டுக்குப் போகும் என்பதில் பிள்ளைகள் தடுமாறுவது குறைந்தது. துணை ஏடுகள் (கொள்முதல், விற்பனை என்று வகைக்கு ஒரு ஏடு) பாடத்தை ஐந்தாறு வகுப்பு விளக்கியும் வராத தெளிவு, எந்த விசையை அழுத்துவது என்று யோசிக்கும்போது வந்தது.

ஆனால் டேலியில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால் அது பதிவையே சேமிக்காது. வியாபாரத்துக்கு அது நல்லது. வகுப்புக்கு அல்ல. இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) இடிக்க வேண்டும், 900 ரூபாய் எங்கே போனது என்று தேட வேண்டும், கிடைக்காவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மறுபடி தேட வேண்டும். கணக்கு கற்பது அந்தத் தேடலில்தான். டேலி அதைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடுகிறது.

அதனால் இரண்டாம் வருடத்திலிருந்து கூகுள் ஷீட்ஸுக்கு மாறினேன். பள்ளியில் மாணவர்களுக்குக் கைப்பேசி கிடையாது. லேபிலோ, சாயங்காலம் வீட்டுக் கைப்பேசியிலோதான் வேலை. பேரேடு, இருப்பாய்வு எல்லாவற்றையும் அவர்களே கட்ட வேண்டும், சூத்திரமும் அவர்களே எழுத வேண்டும். முதல் மாதமே ஒரு விபத்து. பொதுவான தாளில் ஒருத்தன் கடனாளிகளின் பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசையில் அடுக்கிவிட்டான். பெயர்கள் நகர்ந்தன, தொகைகள் இருந்த இடத்திலேயே நின்றன. மொத்தம் மாறவில்லை, இருப்பாய்வும் அழகாகச் சமமானது. ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது முழுக்கத் தப்பு. 'இருப்பாய்வு வெளிப்படுத்தாத பிழைகள்' என்று புத்தகத்தில் இரண்டு பக்கம் இருப்பதை இதைவிட நன்றாக யாரும் நடத்த முடியாது. பழைய பதிப்பை மீட்டெடுத்தோம், பாடம் முடிந்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் வகுப்பில் 'திருடன் போலீஸ்' என்று பெயர் எடுத்த விளையாட்டு. ஒரு குழு சரியான கணக்குத் தாளில் ஐந்து பிழைகளை ஒளித்து வைக்கும். இன்னொரு குழு கண்டுபிடித்து, திருத்தப்பதிவும் எழுத வேண்டும். நான் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். பிழையை ஒளிக்கிற குழுதான் அதிகம் கற்கிறது என்பது நான் எதிர்பார்க்காத விஷயம். கடைக்கு வாங்கிய ஃப்ரிட்ஜைக் கொள்முதலில் போட்டு ஒளிக்கலாம் என்று தோன்ற வேண்டுமானால், மூலதனச் செலவுக்கும் (பல வருடம் பயன்படும் சொத்து வாங்குவது) வருவாயினச் செலவுக்கும் (அன்றாடச் செலவு) வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டுமே. ஒருமுறை 5,400 என்பதை 4,500 ஆக்கி ஒளித்தார்கள். எதிர்க்குழுவில் ஒரு மாணவி ஒரு நிமிடத்தில், "வித்தியாசம் 900, ஒன்பதால வகுபடுது, அப்போ இலக்கம் இடம் மாறியிருக்கும்" என்றாள். அவள் அப்பா மளிகை மண்டியில் கணக்கு எழுதுபவர். அந்தச் சூட்சுமத்தை நான் அதுவரை வகுப்பில் சொன்னதே இல்லை, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

12ஆம் வகுப்பின் முதல் பாடம் 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்'. எங்கள் ஊர்க் கடைவீதி முழுக்க அந்தப் பாடம்தான். மூன்றாம் வருடம், குழுவுக்கு ஒரு கடை என்று அனுப்பி, நிலை அறிக்கை (கடையின் சொத்து, கடன், மூலதனம் காட்டுவது) தயாரிக்கச் சொன்னேன். ஒரு டீக்கடைக்காரர், "ஜிஎஸ்டி ஆபீஸ்ல இருந்தா வர்றீங்க?" என்று கேட்டு விரட்டிவிட்டார். மற்றவர்கள் உட்கார வைத்து டீயும் கொடுத்தார்கள். யூபிஐயில் விழுகிற பணமும் வீட்டுச் செலவும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, கடை வேறு, கடைக்காரர் வேறு என்ற கருத்தையும், உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுக்கும் எடுப்புகளையும் நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. சொந்தக் கடை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். கடனீந்தோர் (கடன் கொடுத்தவர்கள்) பட்டியலை எழுதும்போதுதான் வீட்டில் எவ்வளவு வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குழுவில் மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் விதியை மாற்றினேன். சொந்தக் கடை கூடாது, கடையின் பெயர் தாளில் வரக் கூடாது, தொகைகளைக் கடைக்காரர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

மாணவர்களே பாடம் நடத்துவது? பாதிப் பாதி. குழுவாகக் கொடுத்தால் நன்றாகப் படிக்கிற ஒருவரே எல்லா வேலையையும் செய்துவிட்டு, மற்றவர்கள் சார்ட் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது நடத்தப்போவது யார் என்பதை அன்று காலை சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்கிறோம். கூட்டாண்மையில் நற்பெயர் (கடையின் நல்ல பெயருக்கு மதிப்புப் போடுவது) மாதிரிப் பாடங்களை இன்னும் நான்தான் நடத்துகிறேன். அதை அவர்களிடம் விட்டு ஒரு வருடம் கைசுட்டுக்கொண்டது போதும்.

மதிப்பெண் ஏறியதா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். தேர்ச்சி முன்பு போலத்தான். 90 மதிப்பெண் தாளில் 5 மதிப்பெண் கணக்குகள் ஏழு, அவற்றுக்குக் கோடு போட்டுக் கையால் எழுதிய பழக்கம்தான் கைகொடுக்கும். ஷீட்ஸில் மட்டும் பழகிய ஒரு தொகுதி, அரையாண்டில் பேரேட்டுக் கட்டம் போடவே நேரம் போதாமல் திணறியது. அதனால் நவம்பர் வந்தால் லேப் பக்கம் போவதில்லை, முழுக்க நோட்டுதான். 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டதால் இந்த வருடம் விளையாட்டை அங்கேயே தொடங்கிவிட்டேன். போன வாரம் அவர்கள் ஒளித்த ஐந்து பிழைகளில் ஒன்றை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானும்தான். கேட்டால் சிரிக்கிறார்கள்.