குறைமாதக் குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீடு: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

என் தங்கைக்கு முப்பதாவது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தையின் எடை 1,100 கிராம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பணம் கேட்கவில்லை, அன்று மாலையே முன் அனுமதி வந்தது. அந்த ஒரு நாளுக்காகவே இத்திட்டத்துக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் சேர்ந்து நடக்கும் இதில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. மத்திய அரசு அவ்வாண்டு வெளியிட்ட பட்டியல், குழந்தையின் எடையையும் நோயின் கடுமையையும் வைத்து நாளொன்றுக்கு 500 ரூபாயில் தொடங்கி 7,000 ரூபாய் வரை கட்டணம் வகுத்தது. எங்கள் குழந்தையின் எடைக்கு 7,000 ரூபாய்; ஆனால் மொத்த வரம்பு 1,20,000 என்றிருந்தது. கணக்குப் போட்டால் பதினேழு நாள்தான் வரும், இத்தகைய குழந்தைக்கோ நான்கைந்து வாரமாவது தேவைப்படும். எங்களுக்கும் இரண்டு முறை நீட்டிப்பு அனுமதி கேட்க வேண்டியிருந்தது; இரண்டு முறையும் கிடைத்தது.

செலவை ஏற்றுவது பெரும்பாலும் இந்த நாள் கணக்குதான். வென்டிலேட்டரும், நுரையீரல் விரிவதற்கான சர்ஃபாக்டன்ட் மருந்தும் முதல் சில நாள்களோடு முடிந்துவிடும். அதன்பின் குழந்தை எடை கூடுவதற்காகக் காத்திருக்கும் வாரங்களில், ஒரு கிருமித்தொற்று வந்தாலே நாள்களும் மருந்துகளும் பெருகும். அதைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கும், குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறைக்கும் பெரும் பங்குண்டு. அம்முறையைப் பிறந்தவுடனேயே தொடங்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. இரண்டு மணிக்கொருமுறை தங்கை பீய்ச்சிக் கொடுத்த சில மில்லிப் பாலைச் செவிலியர் மூக்குக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கியதையும், பதிவேட்டில் 1,040-க்கு இறங்கிய எடை மெல்ல ஏறியதையும் அருகிலிருந்து பார்த்தேன்.

என் குறை ஒன்றுதான். குழந்தையின் படுக்கைக்குப் பணம் உண்டு, தாய் தங்குவதற்கு இல்லை. முப்பத்து நான்காம் நாள், 1,640 கிராமில் வீடு திரும்பினோம். சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. எதிரிலிருந்த விடுதி அறைக்கு மட்டும் நாளுக்கு 350 ரூபாய் எங்கள் கையிலிருந்து போனது. அறைக்கு வழியில்லாத தாய் ஊருக்குத் திரும்பினால் பாலும் நின்றுபோகும், குழந்தை மேலும் பல நாள் அங்கேயே கிடக்கும். தாயின் தங்கலையும் உணவையும் காப்பீட்டுத் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டுமென அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.