சட்பரி வீதியின் குளிர்காலங்கள்: காரில் நிலைத்தவையும் நிலைக்காதவையும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து வடக்கே சட்பரி நகருக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வேலை நிமித்தம் குளிர்காலத்திலும் அந்த வீதியில் போய்வருகிறேன். அதனால் குளிர்காலம் முழுதும் காரில் ஓர் அவசரகாலப் பெட்டி உண்டு. தொடக்கத்தில் அது கடையில் ஆயத்தமாக விற்கும் சிவப்புப் பை. அந்தப் பையில் வந்தவற்றுள் இன்று மிஞ்சியிருப்பது ஒரு விசில் மட்டுமே. மற்றவை ஒவ்வொன்றாக வெளியேறின. சில உடைந்தன, சில உறைந்தன, சில பார்வைக்கு மட்டுமே பொருளாக இருந்தன.

என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்ற பட்டியல்களுக்குக் குறைவில்லை. அந்தப் பொருள்கள் மைனஸ் 25 பாகையில் வாரக்கணக்கில் காருக்குள் கிடந்த பிறகு என்ன நிலையில் இருக்கும் என்று அவற்றில் எதுவும் சொல்வதில்லை. குளிருக்கு உதவும் என்று நாம் வைப்பதில் பாதியைக் குளிரே கெடுத்துவிடுகிறது. பல குளிர்காலங்களின் பின் என் பெட்டியில் எது தங்கியது, எது தங்கவில்லை என்பதே இந்தப் பதிவு.

முதலில் வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரி (Barrie) நகருக்கு வடக்கே 400ஆம் நெடுஞ்சாலை ஜோர்ஜியன் விரிகுடாவின் பக்கமாகப் போகிறது. விரிகுடா உறையுமுன், முக்கியமாக நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று நீரின் மேல் ஈரத்தை வாரிக்கொண்டு கரையேறி, ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டும். வெயிலில் ஓட்டிக்கொண்டிருப்போம், சில கிலோமீற்றர் தாண்டியதும் முன்னால் போகும் லொறியின் பின்விளக்குக்கூடத் தெரியாது. இன்னும் வடக்கே பாரி சவுண்ட் (Parry Sound) ஊரைக் கடந்தால் கைப்பேசிக்குச் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

வடக்கே போகாதவர்களுக்கு இது தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2010 டிசம்பரில் சார்னியா அருகே 402ஆம் நெடுஞ்சாலையில் 300க்கும் மேற்பட்டோர் பனியில் அகப்பட்டார்கள். மீட்பதற்கு இராணுவ ஹெலிகொப்டர்கள் வரவேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை முடங்கியபோது, செனட்டர் ரிம் கெய்ன் 27 மணி நேரம் தன் காரிலேயே இருந்தார். வேர்ஜீனியாவைப் பனிப் பிரதேசம் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே என் கணக்கு இதுதான்: ஒரு முழு இரவும் அடுத்த நாள் பாதியும் காருக்குள்ளேயே இருக்க முடிய வேண்டும். காட்டில் ஒரு வாரம் உயிர்வாழ்வதற்கான கத்தியும் தூண்டிலும் எனக்கு வேண்டாம்.

அந்த இரவில் முதலாவது சூடு. சிவப்புப் பையில் வந்த வெள்ளித் தாள் போர்வையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். உடலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. ஆனால் தடிப்பு என்ற ஒன்றே அதற்கு இல்லாததால், குளிர்ந்த இருக்கை முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சுவதைத் தடுக்காது. உள்ளே வியர்வை சேர்ந்து ஈரமாகும். அசைந்தால் சரசரக்கும், மடிப்புகளில் கிழியும். அதன் இடத்தில் இப்போது ஒரு பழைய தூங்கும் பையும் இரண்டு கம்பளிப் போர்வைகளும் இருக்கின்றன. இடத்தை அடைத்துக்கொள்கின்றன, அழகும் இல்லை. ஆனால் வைத்தவற்றில் அதிகம் பயன்பட்டவை இவைதான். யாரையாவது ஏற்றிச் செல்லும்போது காலில் போட, நின்றுபோன காரை இழுக்க வண்டி வரும்வரை போர்த்திக்கொள்ள, ஒருமுறை ரயரடியில் மண்டியிட என்று எதற்கும் உதவியிருக்கின்றன.

நம்மவர்களுக்கென்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரி மாதக் கலியாண வீட்டுக்குப் பட்டுச் சேலையும் செருப்புமாகப் புறப்படுகிறோம். கராஜில் ஏறி மண்டப வாசலில் இறங்குவதுதானே என்ற எண்ணம். நடுவில் கார் நின்றால் அந்தச் செருப்போடு பனியில் இறங்க முடியாது. எங்கள் காரில் ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி பழைய சப்பாத்து, தடித்த காலுறை, கம்பளித் தொப்பி ஆகியவை ஒரு பையில் இருக்கின்றன. ஐந்து விரல்களும் பிரிந்த கையுறையைவிட, விரல்களைச் சேர்த்து மூடும் கையுறை நன்றாகச் சூடு தரும். குடும்பத்தில் இதற்கு நிறையக் கேலி கிடைத்தது. கேலி செய்தவர்கள்தாம் முதலில் அந்தப் பையைத் திறந்தார்கள்.

கையைச் சூடாக்கும் சிறு பொதிகள் நல்லவைதான். உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றுப் பட்டுத் துருப்பிடிப்பதால் எழும் சூடு அது. பல மணி நேரம் நிற்கும். ஆனால் உறையில் காலாவதித் திகதி இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். உறையில் நுண்ணிய துளை இருந்தாலே போதும், ஈரமும் காற்றும் புகுந்து தூள் கல்லைப் போல இறுகிவிடும். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் விரலால் அமுக்கிப் பார்க்கிறேன், நெகிழாததை எறிந்துவிடுகிறேன்.

மெழுகுதிரியும் தகரப் பேணியும் ஏறத்தாழ எல்லாக் கனடியப் பட்டியல்களிலும் இருக்கும். நான் அவற்றை எடுத்துவிட்டேன். கம்பளியும் பஞ்சும் நிறைந்த மூடிய இடத்தில், அரைத்தூக்கத்தில், ஒரு சுவாலை. வேண்டாம்.

எஞ்சின்தான் உண்மையான அடுப்பு, அதில்தான் உண்மையான ஆபத்தும். புகைபோக்கிக் குழாயைப் பனி மூடினால் காபன் மொனொக்சைட்டு காருக்குள் வரும். நிறமில்லை, மணமில்லை, தலைவலியும் தூக்கமும் வரும், அதைக் களைப்பென்றே எடுத்துக்கொள்வோம். மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டுவது, அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இறங்கிக் குழாயைச் சுற்றிப் பனியை அகற்றுவது, காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பது என்பதே முறை. இதற்குப் பெற்றோல் வேண்டும். குளிர்காலத்தில் தாங்கி பாதிக்குக் கீழே போக விடுவதில்லை. செலவில்லாத ஒரே அவசரகாலப் பொருள் இதுதான். எப்படியும் அடிக்கப் போகும் பெற்றோல்தானே.

குழாயைத் துப்புரவாக்கப் பனி அள்ளும் சவல் வேண்டும். அது பின்பெட்டியில் இருந்தால் பயனில்லை. உறைமழை பெய்த இரவில் பின்கதவு பனிக்கட்டியால் ஒட்டிக்கொள்ளும். கதவின் மேல் ஓரடிப் பனியும் இருக்கும். ஆகவே சவலும் பனி தட்டும் தூரிகையும் முன்னிருக்கைக்குப் பின்னால், கையெட்டும் இடத்தில் கிடக்கின்றன. சிவப்புப் பையில் வந்த மடிப்புச் சவலின் பிளாஸ்ரிக் அலகு, பனிவாரும் வண்டி ஓரத்தில் தள்ளிவிட்டுப் போன கெட்டிப் பனியில் இரண்டாம் குத்திலேயே விண்டுபோனது. இப்போது இருப்பது நீண்டு சுருங்கும் பிடியுள்ள அலுமினியச் சவல். விலை சற்றுக் கூட, ஆனால் வருடங்கள் கடந்தும் வளையவில்லை.

அடுத்தது பற்றரி. மைனஸ் 18 பாகையளவில் காரின் பற்றரி தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. அதே நேரத்தில் எண்ணெய் தடித்துப்போவதால் எஞ்சின் கூடுதல் வலுவைக் கேட்கிறது. இறந்த பற்றரியை இன்னொரு காரின் பற்றரியோடு இணைத்து எஞ்சினை இயக்க உதவும் பூஸ்டர் கேபிள் மெல்லியதாக இருந்தால் குளிரில் விறைத்து வளையாது, போதிய மின்னோட்டத்தையும் கடத்தாது. தடித்த கம்பியாக, நீளமானதாக வாங்குங்கள். கடைசிக் கறுப்புக் கவ்வியை இறந்த பற்றரியில் மாட்டாமல், பற்றரிக்குச் சற்றுத் தள்ளி எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்ட வேண்டும். பற்றரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதுதான் காரணம்.

கேபிளுக்கு இன்னொரு கார் வேண்டும். நள்ளிரவில் பிரெஞ்சு றிவர் பக்கத்தில் அதை எங்கே தேடுவது? அதனால் லிதியம் பற்றரியில் இயங்கும் கையடக்க ஸ்ராட்டரையும் வாங்கினேன். அருமையான பொருள், ஒரு நிபந்தனையோடு: காரில் விட்டுவைக்கக் கூடாது. கடுங்குளிரில் அதன் வலுவும் சுருங்குகிறது. உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் பற்றரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். என்னுடையது வீட்டில் மேலங்கி மாட்டும் இடத்தில் இருக்கிறது, தூரப் பயணத்தில் மட்டும் கூட வருகிறது. கைப்பேசிக்கான பவர் பாங்கும் அப்படியே. பயணத்தில் அது மேலங்கியின் உட்பையில் இருக்கும். ரோர்ச்சுக்கு, சாதாரண அல்கலைன் பற்றரிகளை நீக்கிவிட்டு மைனஸ் 40 வரை தாங்கும் லிதியம் பற்றரிகளைப் போட்டேன். தலையில் மாட்டும் ரோர்ச்தான் சரி. சவல் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

சாப்பாட்டில் ஆங்கிலப் பட்டியல்களை நான் பின்பற்றவில்லை. சத்துக் கட்டிகளைக் குளிரில் கடித்தால் பல்லுக்குத்தான் ஆபத்து. ஈரப்பசை இல்லாதது உறையாது என்பதே விதி. அந்த விதிக்குப் பருத்தித்துறை வடையும் மிக்சரும் முறுக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மைனஸ் 25இலும் மொறுமொறுப்பு அப்படியே இருக்கிறது. குறை என்னவென்றால் உப்பும் உறைப்பும் தாகத்தைக் கூட்டும். ஆகவே உப்பில்லாத கச்சான், பேரீச்சம்பழம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன். எள்ளுருண்டை சுவையில் முதலிடம், குளிரில் கடிபடுவதில் கடைசி இடம். அதைச் சட்டைப்பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து சாப்பிடலாம். வைத்ததை யாராவது தின்றுவிடுவதுதான் இந்தப் பகுதியின் தீராத பிரச்சினை. மாதத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது.

தண்ணீருக்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பினால் உறைந்தாலும் வெடிக்காது, ஆனால் உறைந்த தண்ணீரைக் குடிக்கவும் முடியாது. புறப்படும்போது சுடுதண்ணீர்ப் பிளாஸ்க் ஒன்றை முன்னால் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. பனியைத் தின்று தாகம் தீர்ப்பது உடலின் சூட்டைக் குறைக்கும். இன்சுலின் எடுப்பவர்கள் அதைக் காரில் விட்டுவைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்தால் அது பயன்படாது.

எழுதக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணி நேரம் காருக்குள் இருந்தால் கழிப்பறை வேண்டியிருக்கும். அகன்ற வாய்ப் போத்தல், தடித்த குப்பைப் பைகள், கடதாசிச் சுருள், ஈரத் துடைப்பான். துடைப்பான் உறையும், அதுவும் மேலங்கிக்குள் போகட்டும்.

சில்லுகள் பனியில் சுழன்றால் போடுவதற்குப் பூனை மணல் என்பார்கள். ஈரம் பட்டதும் கட்டியாகும் வகையை வாங்கினால் அது வழுக்கும் களியாகிவிடும். கட்டியாகாத வகை, அல்லது வெறும் மணல் போதும். வண்டி இழுக்கும் பட்டியை இதுவரை நான் பிரிக்கவே இல்லை. பூட்டின் பனி உருக்கும் திரவத்தைக் காருக்குள் வைப்பதில் அர்த்தமில்லை, வெளியே நிற்கும்போதுதானே அது வேண்டும். கண்ணாடி கழுவும் நீரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மைனஸ் 40 என்று குறித்திருப்பதையே வாங்கி, ஒரு கலனை உபரியாகவும் வைத்திருங்கள். உப்புச் சேறு தெறிக்கும் நெடுஞ்சாலையில் அது தீர்ந்துபோனால் ஓட்டவே முடியாது.

இவ்வளவையும் வாங்கிய பணத்தைவிட, குளிர்கால ரயர்களுக்குக் கொடுத்த பணம்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் நம் விருப்பம்தான். ஆனாலும் அவற்றைப் பூட்டினால் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு தரவேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. கேட்டுப் பெறுங்கள். புறப்படுமுன் ஒன்ராறியோவின் வீதித் தகவல் சேவையான 511 தளத்தில் வீதி நிலைமையைப் பார்த்து, வீதி மூடப்பட்டிருந்தால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவிடுகிறேன். பெட்டியைத் திறக்கவேண்டிய பல இரவுகளை அது தவிர்த்திருக்கும்.

ஏப்ரலில் ரயர் மாற்றும் அன்றே பெட்டியும் வீட்டுக்குள் போகிறது. கோடையில் மூடிய காரின் உட்புறச் சூடு ஒட்டுப்பட்டிகளின் பசையை இளக்கி, கொட்டைகளைக் காறல் அடிக்கச் செய்துவிடும். பூஸ்டர் கேபிள், முக்கோணப் பிரதிபலிப்பான், ஒரு கம்பளிப் போர்வை ஆகிய மூன்றும் மட்டும் ஆண்டு முழுதும் காரில். மற்றவை நவம்பரில் குளிர்கால ரயர்களோடு சேர்ந்து மறுபடியும் ஏறும்.