ஐந்து கறவை மாடும் ஒரு சாண எரிவாயுக் கலனும்: எட்டு வருட அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் வீடு. கட்டுத்தரையில் ஐந்து கலப்பினக் கறவை மாடுகள், பால் சொசைட்டிக்குப் போகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் தினம் 2 கன மீட்டர் வாயு தரும் தீனபந்து மாடல் (நிலத்துக்குள் குவிமாடமாகக் கட்டுவது) சாண எரிவாயுக் கலன் கட்டினோம். மறுவருடம் கறவை மெஷின் வாங்கினோம்.

மெஷின் வந்ததும் கரண்ட் பில் ஏறிவிடும் என்று அத்தைக்குப் பயம். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கறவை மெஷினில் முக்கால் ஹெச்பி மோட்டார். காலை, மாலை இரண்டு நேரமும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. புல் வெட்டும் மெஷின் 2 ஹெச்பி, தினமும் அரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் யூனிட். பால் கேனும் மெஷின் பாத்திரமும் கழுவ வெந்நீர் போடும் 1.5 கிலோவாட் ஹீட்டரோ வேளைக்கு இருபது நிமிடம் என்றாலே ஒரு யூனிட் தின்றுகொண்டிருந்தது. இரண்டு மாத பில்லில் அறுபது யூனிட்! மோட்டார்களைத்தான் சந்தேகப்பட்டோம், ஹீட்டரை யாரும் நினைக்கவே இல்லை.

அன்றிலிருந்து வெந்நீர் சாண எரிவாயு அடுப்பில்தான். தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்ற வேண்டும். முழுசாக வாயு வந்தால் ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 0.9 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். நான்கு பேருக்குச் சமையலும் வெந்நீரும் முடிந்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் வாயு குறையும். அதனால் சிலிண்டரை விட்டுவிடவில்லை.

மூன்றாவது வருடம் ஒரு பெரிய தவறு செய்தோம். கட்டுத்தரையை ஃபினாயில் போட்டுக் கழுவிய தண்ணீர், வாய்க்கால் வழியாகக் கலவைத் தொட்டிக்கே போய்விட்டது. ஒரு வாரத்தில் அடுப்பு எரிவது நின்றுபோனது. கிருமியைக் கொல்லும் மருந்து, சாணத்தை வாயுவாக்கும் நுண்ணுயிரையும் கொன்றுவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக் கலனிலிருந்து நாலைந்து வாளி கரைசல் வாங்கி ஊற்றி, புதுச் சாணம் போட்டு, பழையபடி எரிய மூன்று வாரம் ஆனது. இப்போது கழுவும் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிட்டோம். கட்டும்போதே இந்த வாய்க்காலைப் பிரித்துவிடுங்கள், ரொம்ப முக்கியம்.

இன்னொன்று, நீலமாக எரிய வேண்டிய தீ விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கும். தாழ்வான இடத்தில் ஒரு சின்ன வால்வு வைத்து அவ்வப்போது வடித்துவிடுவது போதும்.

கறவை மெஷினில் கவனிக்க வேண்டியது ரப்பர் லைனர்தான், அதாவது காம்பில் மாட்டும் ரப்பர் உறை. அது தளர்ந்தால் கறவை இழுத்துக்கொண்டே போகும், மோட்டாரும் கூடுதலாக ஓடும், காம்புக்கும் நல்லதல்ல. புல் மெஷின் பிளேடும் அப்படித்தான். மழுங்கினால் கோ-4 தீவனப் புல்லை வெட்டாமல் கசக்கும். மாதம் ஒருமுறை சாணை பிடிக்கிறோம்.

அப்புறம் ஸ்லரி. வாயு தீர்ந்த கரைசல் நேராகப் புல் காட்டுக்குப் போகிறது, யூரியா வாங்குவதைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். என் கணக்கில், கலன் கட்டிய செலவை மீட்டதில் அடுப்பைவிட இதற்கே பங்கு அதிகம். ஆனால் தினமும் சாணம் கரைத்து ஊற்ற வீட்டில் ஒருவர் கட்டாயம் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது, காலையில் இருபது நிமிடம் ஆகிறது.