தார்ச்சாலையா, நடைபாதையா, ஆற்றோரமா: காலை ஓட்டத்துக்கு எது பாதுகாப்பு?

சிங்கப்பூரின் பொத்தோங் பாசிர் வட்டாரத்திலிருந்து லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா வரை ஓடிப் பசியாறிவிட்டுத் திரும்பும் எங்கள் சிறு குழுவுக்குள், எந்த வழியாக ஓடுவது என்ற வாக்குவாதம் நெடுநாளாக நடந்துவந்தது. சிராங்கூன் சாலையில் இறங்கி ஓரமாகவே ஓடிவிடலாம் என்பார் சிலர். அதே சாலையின் நடைபாதையே போதும் என்பார் வேறு சிலர். காலாங் ஆற்றை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதையில் (பூங்காக்களை இணைக்கும், நடப்போரும் சைக்கிளோட்டிகளும் பகிரும் பாதை) இறங்கி, சற்றுச் சுற்றினாலும் பரவாயில்லை என்று போகலாம் என்பது மூன்றாவது கட்சி. நான் மூன்றாவது கட்சியில் சேர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தார்ச்சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரை சீராக இருக்கும், முழங்காலுக்கு இதம் என்பார்கள். ஆனால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது விடிவதால், ஆறு மணிக்குக் கிளம்புபவர் இருட்டில்தான் ஓடுகிறார். சாலையோரம் நிற்கும் லாரியைச் சுற்றி வருவதற்காக நடுச்சாலைப் பக்கம் விலகும் ஒவ்வொரு முறையும், மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்தில் வரும் வாகனத்தின் பாதையில் கால் வைக்கிறார். நடைபாதை இல்லாத இடங்களில் எதிர்வரும் வாகனங்களைப் பார்த்தவாறு வலப்பக்கமாகச் செல்வதே முறை. லிம் சூ காங், கிராஞ்சிப் பக்கத்துக் குறுகிய சாலைகளில் ஓடுபவர்களுக்கு அது அன்றாடம் தேவைப்படும் விதியாக இருக்கலாம்; அந்தப் பக்கம் நான் ஓடியது மிகக் குறைவு என்பதால் அவர்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை.

நடைபாதையில் சட்டம் பெரும்பாலும் நம் பக்கம் நிற்கிறது. 2019 பிப்ரவரி முதல் அங்கே சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேக வரம்பு (ஓடுபவருக்கு அந்த வரம்பு இல்லாததால், நம்மில் பலர் சைக்கிளை முந்திச் செல்லும் உரிமை பெற்றவர்கள்). அதே ஆண்டு நவம்பரில் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து விலக்கப்பட்டன. வரிக்கோட்டுக் கடவையில் பாதசாரிக்கே முன்னுரிமை; சாலை விளக்கில் பச்சை மனிதன் எரியும்போது, திரும்பும் வாகனம் நமக்கு வழிவிட்டே ஆக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நடைபாதையை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கிளைச் சாலைகளின் முகப்புகளும் கார் நிறுத்துமிட வாயில்களும். நம் ஊரில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்கின்றன. கிளைச் சாலையிலிருந்து இடப்புறம் திரும்பிப் பெரிய சாலையில் சேர விரும்பும் ஓட்டுநர், தம் வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனங்களுக்கு மட்டுமே காத்திருக்க வேண்டும். ஆகையால் அவருடைய கவனம் முழுவதும் வலப்பக்கத்திலேயே இருக்கும். எதிர்வரும் வாகனங்களைப் பார்த்தபடி ஓடுபவரோ அவருடைய இடப்பக்கத்திலிருந்து வந்து சேர்கிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல்மாடிக் கார் நிறுத்துமிட வாயிலில் சற்று நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும்: தடுப்புக் கம்பி உயர்ந்ததும் கார் நகர்ந்து வந்து, முன்சக்கரங்கள் நடைபாதையைத் தொட நிற்கும், ஓட்டுநரின் முகவாய் வலத் தோளை நோக்கித் திரும்பியிருக்கும், சாலையில் இடைவெளி கிடைத்ததும், முகம் நேராகத் திரும்புவதற்கு முன்பே கார் கிளம்பிவிடும்.

அவர் முன்பே இடப்பக்கம் ஒரு முறை பார்த்திருந்தாலும் அது போதாது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற சாதாரண வேகத்தில் ஓடுபவர் வினாடிக்குக் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் கடக்கிறார். நடப்பவரின் வேகத்தைப்போல் அது இரு மடங்கு. மூன்று வினாடிக்கு முன் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். சரி, வாகனங்கள் செல்லும் திசையிலேயே ஓடினால் என்ன? வெளியே வரும் ஓட்டுநர் நம்மைக் காண்பார், உண்மைதான்; ஆனால் பெரிய சாலையிலிருந்து கிளைச் சாலைக்குள் இடப்புறம் திரும்பும் கார் அப்போது நம் முதுகுப் பக்கமிருந்து வந்து குறுக்கே வெட்டும். எந்தத் திசையில் ஓடினாலும் ஒரு பக்கம் குருடாகவே இருக்கிறது. ஒவ்வொரு முகப்பிலும் நின்று, ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகு கடப்பதே பாதுகாப்பு. ஆனால் தேக்காவை நெருங்கும்போது சையது ஆல்வி ரோடு, டெஸ்கர் ரோடு, ரோவல் ரோடு, நோரிஸ் ரோடு, வீராசாமி ரோடு, கஃப் ரோடு, அப்பர் டிக்சன் ரோடு, டன்லப் ஸ்திரீட் என்று ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும் முகப்புகளில் அப்படி நின்று நின்று போவதை ஓட்டம் என்று சொல்ல முடியாது.

ஆற்றோரப் பாதையின் பலம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர். அந்தப் பக்கத்திலிருந்து கார் வர வழியே இல்லை. சாலையைச் சந்திக்கும் இடங்கள் சில மட்டுமே, அவையும் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிபவை. அங்கே மட்டும் ஓர் ஒழுங்கு தேவை: கடவையிலிருந்து 50 மீட்டருக்குள் வேறிடத்தில் சாலையைக் கடப்பது குற்றம் என்பதால், நேரத்தை மிச்சப்படுத்தக் குறுக்கே பாயாமல் கடவைக்கே போய்க் கடக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள்கள் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லலாம். இருவர் மூவராகச் சேர்ந்து பாதையை அடைத்துக்கொண்டு ஓடுவதும், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு திடீரென்று பின்பக்கம் திரும்புவதும் அங்கே வம்பை விலைக்கு வாங்குவதாகும். சைக்கிள் இடித்தாலும் எலும்பு முறியும். எனினும் காரோடு ஒப்பிட்டால் இது நான் ஏற்கத் தயாராக உள்ள ஆபத்து. பின்னிரவில் அங்கே தனியாக ஓடிய அனுபவம் எனக்கில்லை, ஆகவே அந்நேரத்துக்கும் இதுவே சிறந்தது என்று சொல்ல மாட்டேன். தவிர, ஆற்றை விட்டு விலகித் தேக்காவுக்குள் நுழையும் கடைசிப் பகுதி எப்படியும் தெருக்கள் வழியாகத்தான். அந்தத் தூரத்தை நாங்கள் உடலைத் தணித்துக்கொள்ளும் நடையாக மாற்றிக்கொண்டோம்.

வீட்டருகே இப்படியொரு பாதை இல்லாதவர்கள், சாலையின் இரு நடைபாதைகளையும் ஒரு முறை நடந்து பார்த்து, கால்வாயோ பள்ளிக்கூட வேலியோ நீண்டு செல்லும் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அந்தப் பக்கத்தில் வாயில்கள் குறைவாக இருக்கும்.