புல்லட் கிராங்கும் இரண்டு மைக்ரோமீட்டரும்: ஆறு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1984 மாடல் புல்லட் 350. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர். திருவொற்றியூரில் செய்த வண்டி, அப்பா வாங்கியது. இதன் இன்ஜினை இரண்டு முறை முழுசாகப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். முதல் முறை சேர்த்து 3,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அடியிலிருந்து உறுமல் திரும்பிவிட்டது. இரண்டாவது முறை சேர்த்து ஆறு வருடமாகிறது. 27,000 கிலோமீட்டர் ஓடியும் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் பாகம்) பக்கம் சத்தமில்லை. இரண்டு முறையும் போட்டது ஒரே கம்பெனியின் அதே நம்பர் பேரிங். இரண்டாம் முறை பேரிங் வாங்குவதற்கு முன்னால் அது உட்காரும் கிராங்க் தண்டை அளந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் முறை என்ன நடந்தது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. புது பேரிங் தண்டில் கையாலேயே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அது எனக்கு எச்சரிக்கையாகப் படவில்லை. கிராங்க் சுழலும்போது பேரிங்கின் உள் வளையம் தண்டோடு ஒட்டிச் சுழல வேண்டும். பிடி இல்லாவிட்டால் வளையம் தண்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இரும்பை மெருகேற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாவது முறை திறந்தபோது செயின் பக்கத் தண்டில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு பட்டை இருந்தது. அளந்தால் 24.985 மி.மீ.

25 மி.மீ. தண்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கே5 பொருத்தம் (தண்டின் அளவு வரம்பைக் குறிக்கும் தரக்குறி) 25.002-லிருந்து 25.011 வரை. சாதாரண வகுப்பு பேரிங்கின் துளை 24.990-லிருந்து 25.000 வரை இருக்கலாம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். என் தண்டில் எந்தப் புது பேரிங்கும் பிடித்திருக்காது. தண்டுக்கு ஹார்டு குரோம் (கடினமான குரோமியப் பூச்சு) ஏற்றி, கிரைண்டிங் செய்து 25.006-க்குக் கொண்டுவந்தோம். பேரிங்கைச் சூடாக்கித்தான் ஏற்ற முடிந்தது.

கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். பட்டறைகளில் எல்லோர் பையிலும் இருக்கும் 0.02 மி.மீ. வெர்னியர் இந்த வேலைக்குப் போதாது. நாம் தேடும் வித்தியாசமே 0.02-க்குள் அடங்கிவிடுகிறது. நான் வாங்கியது இரண்டு மிட்டுடோயோ மைக்ரோமீட்டர்கள் (திருகி மூடி நுட்பமாக அளக்கும் கருவி), 0–25 மி.மீ., 25–50 மி.மீ. ஏன் இரண்டு என்றால், 25 மி.மீ. தண்டு சரியாக இரண்டு கருவிகளின் எல்லையில் நிற்கிறது. தேய்ந்த தண்டை முதலாவதில் அளக்கலாம். கிரைண்டிங் முடிந்து வந்த தண்டுக்கு இரண்டாவது வேண்டும். ஆறு வருடத்தில் இரண்டுமே பூஜ்யத்திலிருந்து விலகவில்லை. 25 மி.மீ. அளவுகோல் கம்பியை வைத்து ஒவ்வொரு முறையும் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

சென்னை மே மாத மதியத்தில் அளக்காதீர்கள். 25 மி.மீ. இரும்பு 10 டிகிரி சூடேறினால் 0.003 மி.மீ. விரிகிறது. கிராங்கும் மைக்ரோமீட்டரும் ஒரே மேசையில் ஒரு ராத்திரி கிடக்கட்டும், விடிந்ததும் அளக்கலாம். கருவியை நெடுநேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தாலும் அளவு நகரும். திருகை ராட்செட்டால் (அளவான அழுத்தத்துக்கு மேல் நழுவும் குமிழ்) மட்டும் மூடுங்கள். ஒரே இடத்தில் மூன்று முறை அளந்து, மூன்றும் 0.002-க்குள் ஒத்துப்போனால்தான் நோட்டில் எழுதுவேன். தண்டிலும் கிராங்க் பின்னிலும் (கனெக்டிங் ராடு மாட்டும் முளை) குறுக்காக இரண்டு திசையில், நீளவாக்கில் மூன்று இடத்தில். கிராங்க் பின் வட்டமாகத் தேயாது, முட்டைபோல் தேயும்.

டயல் கேஜ் (முள் ஆடி அளவு காட்டும் கருவி) விலை குறைந்ததுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேய்ந்த தண்டை வி பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்து ஓட்டம், அதாவது சுழலும்போது வரும் கோணல், பார்த்தால் தேய்மானமும் சேர்ந்து முள்ளை ஆட்டும். லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். புல்லட் கிராங்க் இரண்டு பிளைவீலையும் பின்னையும் சேர்த்துக் கட்டியது. ஆகவே தாமிரச் சுத்தியலால் ஓரத்தில் தட்டித் தட்டித்தான் நேராக்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட வரம்பு 0.03 மி.மீ. எனக்குச் சொல்லிக்கொடுத்த லேத் அண்ணன் 0.02 வராமல் கீழே வைக்கமாட்டார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அரை நாள் ஆனது.

பேரிங் வாங்குவது தனிக் கதை. செயின் பக்கம் ஒரு பால் பேரிங் (உள்ளே உருண்டைகள்), ஒரு ரோலர் பேரிங் (உள்ளே உருளைகள்). டைமிங் பக்கம் ரோலர். ரோலரில் என்யூ, என்ஜே என்ற எழுத்துகளைக் கவனியுங்கள். என்யூவின் உள் வளையத்தில் விளிம்பே கிடையாது, தண்டு இரண்டு பக்கமும் நகரலாம். என்ஜேயில் ஒரு பக்கம் விளிம்பு உண்டு. ஒரு கடையில் “ரெண்டும் ஒரே சைஸ்தான் சார்” என்று மாற்றிக் கொடுத்தார்கள். சைஸ் என்னவோ ஒன்றுதான். ஆனால் கிராங்கின் பக்கவாட்டு ஆட்டத்தை அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது. பழைய பேரிங்கில் உள்ள எழுத்து முழுவதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

பால் பேரிங்கில் சி3 (உள்ளே கூடுதல் இடைவெளி விட்ட வகை) கேட்டு வாங்குங்கள். இந்த அளவுக்குச் சாதாரண இடைவெளி 5–20 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.), சி3-யில் 13–28. தண்டில் இறுக்கமாக ஏறியதும் உள் வளையம் விரிந்து இடைவெளியைத் தின்றுவிடும். சாதாரண பேரிங்கில் அப்புறம் மிச்சமே இல்லாமல் போகலாம். கேஸ் (கிராங்கை மூடியிருக்கும் அலுமினியக் கூடு) பக்கம் நேர்மாறான பிரச்சினை. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இன்ஜின் 80 டிகிரி சூடேறினால் 62 மி.மீ. துளை பேரிங்கைவிட 0.05 மி.மீ. கூடுதலாகத் திறந்துகொள்ளும். குளிர்ந்த கேஸில் பேரிங் கையால் இறங்கினால் அந்தத் துளைக்கும் வைத்தியம் தேவை.

சென்னையில் நான் வாங்குவது லிங்கிச் செட்டித் தெருவில், பில்லோடு. ஒருமுறை வேறோர் இடத்தில் பாதி விலைக்குக் கிடைத்ததை வாங்கினேன். பெட்டி அச்சு அசல்போல இருந்தது, வளையத்தில் எழுத்து மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. பேரிங் கம்பெனியான எஸ்கேஎஃப்-இன் ஆதென்டிகேட் செயலியில் படம் எடுத்து அனுப்பினேன், போலி என்று பதில் வந்தது. அந்த பேரிங் வண்டிக்குள் போயிருந்தால் கேஸும் சேர்ந்து போயிருக்கும். பழைய ஸ்டாக் கிடைத்தால் தயங்காமல் வாங்குகிறேன். காய்ந்த எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவி, புது ஆயில் விட்டு, காதருகே சுழற்றிக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனை) மட்டும் எனக்கு இன்னும் திருப்தியில்லை. இந்த இன்ஜினில் அங்கே ரோலர் கிடையாது, பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே தானும் சுழலும் மிதவை புஷ். அதன் உயிர் ஆயில்தான். டைமிங் கவரில் உள்ள கார்க் சீல் காய்ந்துவிட்டால் கிராங்குக்குப் போக வேண்டிய ஆயில் வழியிலேயே கசிந்துவிடும். கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன கார்க்கை மாற்றிவிடுகிறேன். புஷ்ஷை ஒரு முறை மாற்றியாயிற்று.

இப்போது நண்பர் ஒருவரின் 1971 வண்டி கிராங்க் என் மேசையில் ராத்திரி முழுக்கக் கிடந்தது. காலை ஆறு மணிக்கு அளந்தேன். டைமிங் பக்கம் 25.004, செயின் பக்கம் 24.991. பேரிங் இன்னும் வாங்கவில்லை. தண்டு முதலில் குரோம் ஏற்றப் போகிறது.