எழுத்துகளைக் கொடுத்து நீளமான ஆங்கிலச் சொல் தேடுதல்: நெடுநாள் பாவனையில் கண்டவை

திருகோணமலை பஸ்களின் பெயர்ப்பலகையில் ஊரின் ஆங்கிலப் பெயருக்கு 11 எழுத்து: ரி, ஆர், ஐ, என், சி, ஓ, எம், ஏ, எல், ஈ, ஈ. முதல் ரி-யை எடுத்துவிட்டு மிச்சம் பத்தையும் கலைத்து அடுக்கினால் 'செரிமோனியல்' வந்து நிற்கும். முதல் ஆறை மட்டும், அதாவது 'ட்ரிங்கோ'வைக் கலைத்தால் 'சிட்ரன்', எலுமிச்சைக் குடும்பத்துப் பழம். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கையிலுள்ள எழுத்துக்குள் சொல் தேடும் வேலை. இங்கே எடுத்துக்கொண்டது அதன் மறுபக்கம்: கொடுத்த எழுத்து அத்தனையும் உள்ளே இருக்கவேண்டும், அதற்கு மேலும் எழுத்து சேர்ந்து சொல் நீளவேண்டும். ட்ரிங்கோவின் ஆறு எழுத்தும் 'ஃபிரிக்‌ஷன்', 'டிரெக்‌ஷன்', 'இன்ட்ரடியூஸ்', 'இலெக்ட்ரோனிக்' எல்லாவற்றிலும் இருக்கின்றன, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

சொல் தேடும் தளங்களிலும் ஆப்களிலும் பெரும்பாலானவை முதல் வேலைக்குச் செய்யப்பட்டவை. ஆறு எழுத்தைத் தட்டினால் ஆறும் அதற்குக் குறைந்ததும்தான் வரும். 'நீளமான சொல் ஒன்றும் இல்லை' என்று அதைப் புரிந்துகொண்டு கைவிடுகிறவர்கள் கனபேர். இன்னும் சில தளங்கள் எழுத்துகள் அடுத்தடுத்து, கொடுத்த அதே வரிசையில் இருக்கும் சொல்லை மட்டும் காட்டும். வரிசை வேண்டுமா, ஒட்டியிருக்க வேண்டுமா, எங்கே இருந்தாலும் சரியா என்று பல தளங்கள் முன்னதாகக் கேட்பதில்லை. நாம்தான் சோதித்துப் பார்க்கவேண்டும்.

அந்தச் சோதனை சுலபம். ட்ரிங்கோவின் ஆறு எழுத்தோடு இன்னொரு ஆர் சேர்த்துத் தேடுங்கள். 'கரெக்‌ஷன்' வரவேண்டும், 'இன்ஸ்ட்ரக்டர்' வரவேண்டும். இரண்டிலும் ஆர் இரண்டு. 'டிரெக்‌ஷன்' வரக்கூடாது, அதில் ஆர் ஒன்றுதான். வந்தால், அந்தக் கருவி எழுத்து இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது, எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாத பிழை இது. விடைகள் நிறைய வருவதால் நல்ல கருவி போலவே தெரியும்.

நீண்ட காலம் தாக்குப்பிடித்தது, எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் விளையாட்டான ஸ்கிராபிளை ஆடுகிறவர்கள் பாவிக்கும் ஸிஸிவா மென்பொருள்தான். தேடல் பகுதியில் 'அனாகிராம் மேட்ச்' என்பதைத் தெரிந்து, ஆறு எழுத்தையும் போட்டு, பின்னால் ? இரண்டு வைத்தால் சரியாக எட்டெழுத்துச் சொற்கள் வரும். ஒரு ?-க்கு ஒரு எழுத்து, *-க்கு எத்தனை எழுத்தும். * போடும்போது நீளத்தையும் கட்டாயம் கட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் 'ஷன்' என்று முடியும் சொற்களும் அவற்றின் பன்மையும் திரையை நிரப்பிவிடும். இணையம் வேண்டியதில்லை என்பதும் சின்ன விஷயமல்ல. 2022 மார்ச்சில் மணிக்கணக்காக மின்வெட்டு நடந்த நாள்களில் பற்றரி இருந்த மட்டும் ஓடியது இது ஒன்றுதான்.

மென்பொருள் வேண்டாம், சொற்பட்டியல் கோப்பு ஒன்றே போதும் என்றால், கோப்பில் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துத் தரும் 'க்ரெப்' கட்டளை வழி உண்டு. ஓர் எழுத்துக்கு ஒரு வடிகட்டி, ஆறையும் தொடராகக் கோர்த்தால் முடிந்தது. இதில் மாட்டுவது நீளத்தில். விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று கூடுதலாக ஒட்டியிருக்கும். லினக்ஸில் எட்டெழுத்து என்று கேட்டால் அந்தக் குறியையும் எண்ணி ஏழெழுத்துச் சொற்களைத் தரும். கோப்பை யுனிக்ஸ் வரி முடிவுக்கு மாற்றினால் சரிவரும்.

எக்செல் தேவையில்லாத சுமை, ஆனாலும் ரியூஷன் வகுப்புகளில் அதுதான் கையில் இருக்கும். சொல்லின் நீளத்திலிருந்து, ஆர்-களை நீக்கிய பின் உள்ள நீளத்தைக் கழித்தால் ஆர் எத்தனை என்று கிடைக்கும். நீக்கும் சூத்திரம் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகவே பார்க்கும், ஆகவே பட்டியல் முழுவதும் ஒரே வகையில் இருக்கட்டும். பட்டியலை ஒட்டுவதற்கு முன் அது போகும் நிரலை (நெடுவரிசையை) 'டெக்ஸ்ட்' வகை ஆக்குங்கள். தவறினால் 'ட்ரூ', 'ஃபோல்ஸ்' இரண்டும் சொல்லாக நிற்காமல் தருக்கப் பெறுமானமாகிவிடும்.

எந்தப் பட்டியல் என்பதும் முக்கியம். சி-எச் என்ற ஈரெழுத்தைச் சொல்லாக ஏற்றால் அது ஸ்கிராபிளுக்கான கொலின்ஸ் அகராதிப் பட்டியல். ஏற்காவிட்டால் பெரும்பாலும் வட அமெரிக்கப் பட்டியல். ஸ்கிராபிளுக்கென்று தொகுக்காத பொதுப் பட்டியல்களில் ஆள் பெயரும் ஊர்ப்பெயரும் கலந்திருக்கும்.

இந்தத் தேடலின் உண்மையான பலன் ஸ்கிராபிள் பலகையில்தான் தெரியும். கையில் ஏழு கட்டை, பலகையில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு கட்டை, சேர்த்து எட்டெழுத்து. ஏழையும் இறக்கினால் 50 புள்ளி மேலதிகம். கையில் ட்ரிங்கோவும் ஒரு ஈ-யும் இருப்பதாக வையுங்கள். பலகையில் ஏ கிடந்தால் 'ரியாக்‌ஷன்', 'கிரியேஷன்'. ரி என்றால் 'கொன்ட்ரைட்'. யூ என்றால் 'நியூரோட்டிக்'. டி என்றால் 'டொக்ட்ரின்', 'சென்ட்ரொயிட்'. எம் என்றால் 'இன்டர்கொம்', வி என்றால் 'கொன்ட்ரைவ்'. பாடமாக்கும்போது இதே ஒழுங்கில் போவது நல்லது: நூறு கட்டைகளில் ஏ 9, ரி 6, யூ-வும் டி-யும் நாலு நாலு, எம்-மும் வி-யும் இரண்டிரண்டுதான்.

போட்டி மேசையில் கருவி கிடையாது. அங்கே உயிரெழுத்துகளை ஒருபக்கம் ஒதுக்கி, முன்னால் 'கொன்', 'ரி' (ஆர்-ஈ), 'இன்டர்' ஒட்டுகிறதா என்று பாருங்கள், பிறகு பின்னால் 'ஷன்', 'இக்'. ரி, ஐ, ஓ, என் நாலும் கையில் இருந்தால் 'ஷன்' பக்கம் கண் தானாகப் போகும். அதில்தான் 'இன்டர்கொம்' போன்றவை தவறிப்போகின்றன. அந்த நாலையும் கொஞ்சம் பிரித்து வைத்துவிட்டு ஏழையும் மறுபடி பாருங்கள்.