92 மேட்ச், ஆளில்லாத மைதானம்: பிரீமியர் லீக்கின் மிச்ச சீசனை வீட்டிலிருந்து பார்த்த அனுபவம்

நேற்று ஞாயிறு (2020 ஜூலை 26), கொரோனாவுக்காகத் தளர்வே இல்லாத ஊரடங்கு. சென்னையில் எங்கள் தெருவில் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. இரவு எட்டரைக்குப் பத்து மேட்சும் ஒரே நேரத்தில் தொடங்கி, பத்தரைக்குள் இங்கிலாந்துக் கால்பந்தின் உச்ச லீக்கான 2019-20 பிரீமியர் லீக் முடிந்தேவிட்டது. போன வருஷம் ஆகஸ்ட் 9 அன்று ஆரம்பித்த சீசன், ஒரு முழு வருஷத்துக்கு இரண்டு வாரம்தான் குறைச்சல். ஜூன் 17 முதல் நேற்று வரை நாற்பது நாளில் பாக்கியிருந்த 92 மேட்சையும் ஆடி முடித்தார்கள். அதில் முப்பதுக்கு மேல் நான் முழுசாகப் பார்த்தேன், சந்தா கட்டித்தான் பார்த்தேன், அதனால் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தியவன் எழுதுவதைப் போலவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடி முடித்தது சரி. மிச்ச மேட்சை ஆடாமல் கால்குலேட்டரில் சராசரி போட்டு முடித்திருந்தால் அது பெரிய தப்பாகப் போயிருக்கும். ஆனால் பார்க்கிறவனுக்கு இதில் கிடைத்தது பாதிதான்.

மார்ச் 14 அன்று கோவா ஃபதோர்டாவில் நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல்தான் காலி மைதானத்தை எனக்கு முதலில் காட்டியது. நம்ம சென்னையின் எஃப்சி 3-1 என்று ஏடிகேவிடம் தோற்ற மேட்ச். நம்ம அணியின் வால்ஸ்கிஸ் கோல் அடித்தபோது கத்த ஒரு சென்னை ரசிகன்கூட அங்கே இல்லை. அதற்கு முந்தைய நாள்தான் இங்கிலாந்தில் லீக்கை நிறுத்தியிருந்தார்கள், ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டெட்டாவுக்கு கொரோனா உறுதியானதும்.

அப்புறம் இரண்டு மாதம் எதுவும் இல்லை. மே 16 சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஜெர்மனியின் புண்டஸ்லிகா திரும்பி வந்தது, டோர்ட்மண்ட் எதிர் ஷால்கே. மைதானம் முழுக்க ஏறக்குறைய முந்நூறு பேருக்குத்தான் அனுமதி என்று கணக்குப் போட்டு, மாற்று வீரர்களை முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்காரவைத்து நடத்தினார்கள். இருபத்தைந்தாயிரம் பேர் நெருக்கியடித்து நிற்கும் டோர்ட்மண்ட் ரசிகர்களின் ஸ்டாண்டான அந்த மஞ்சள் சுவர் வெறும் கான்கிரீட் படிக்கட்டாகத் தெரிந்தது. டோர்ட்மண்டின் ஹாலண்ட் முதல் கோலை அடித்துவிட்டு யாரையும் தொடாமல் தனியாக நடனமாடினார், மற்றவர்கள் தள்ளி நின்று சிரித்தார்கள். 4-0 என்று ஜெயித்த பிறகு டோர்ட்மண்ட் வீரர்கள் அந்தக் காலிச் சுவருக்கு முன்னால் போய் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள் பாருங்கள், அப்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த மேட்சில் எனக்குப் பிடித்தது சத்தம். பந்தைப் பூட்ஸ் உதைக்கும் தொம் சத்தம், கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரர்களை நோக்கிக் கத்துவது, பயிற்சியாளர் கைதட்டுவது எல்லாம் பளிச்சென்று கேட்டது. எங்கள் பகுதிக் கிரவுண்டில் காலை ஆறு மணிக்கு ஆடும் மேட்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த வாரம் நடந்த ஒன்பது மேட்சில் சொந்த மைதானத்தில் ஜெயித்த ஒரே அணி டோர்ட்மண்ட்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரசிகன் இல்லாவிட்டால் சொந்த ஊர் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

பிரீமியர் லீக் வேறு வழியில் போனது. கூட்டத்தின் சத்தத்தைச் செயற்கையாகச் சேர்த்தார்கள். பிரிட்டனில் ஸ்கை சேனல், இஏ ஸ்போர்ட்ஸின் ஃபிஃபா வீடியோ கேமுக்காகப் பதிவு செய்து வைத்திருந்த சத்தத்தை வாங்கிப் போட்டது, வேண்டாம் என்பவர்கள் அதில்லாமலும் பார்க்கலாம் என்று வசதி கொடுத்தது. எனக்கு இங்கே வந்த ஒளிபரப்பில் சேர்த்த சத்தம்தான் வந்தது. முதல் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "ஆளே இல்லையே, யாருடா கத்துறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாற்பது நாளாகியும் என்னிடம் பதில் இல்லை. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்பதால் இந்த 2020 ஊரடங்கில் கல்யாணங்களில் நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் போட்டார்களே, அதேதான். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் அரை நொடி தள்ளி வரும். இங்கேயும் பந்து கம்பத்துக்கு வெளியே போன பிறகுதான் "ஓ" என்ற சத்தம் எழும். உண்மையான கூட்டம் பந்து காலை விட்டுக் கிளம்பும்போதே எழுந்து நிற்கும், அதை எந்தப் பொத்தானும் செய்யாது. நான் பாதி மேட்சுகளை ஒலியைக் குறைத்துவைத்துத்தான் பார்த்தேன். அடுத்த சீசனும் இப்படித்தான் என்றால், சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதியை எங்களுக்கும் கொடுங்கள், அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

போனில் பார்த்த ஆப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிவிக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரு நிமிஷ வித்தியாசம். பந்து நடுக்கோட்டைத் தாண்டியிருக்காது, வாட்ஸ்அப் குரூப்பில் "கோல்ல்ல்" என்று வந்து விழும். இரண்டு மேட்சுக்குப் பிறகு மேட்ச் நேரத்தில் குரூப்பை மியூட் செய்யக் கற்றுக்கொண்டேன். நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கும் மேட்சுகளில் படம் கட்டங்கட்டமாக உடைந்தது, புகார் கொடுத்தால் ஒரே மாதிரி பதில்தான் வரும். ஆனால் வீட்டில் டிவியை எல்லோரும் பங்குபோட வேண்டிய நாட்களில் போனைவிட்டால் வேறு வழியும் இல்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு லீக்கை நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் எப்படி முடிப்பது? இந்த வருஷம் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் சொன்னது. நெதர்லாந்தில் சீசனை அப்படியே ரத்து செய்தார்கள். அயாக்ஸும் ஏஇசட்டும் 56 பாயிண்டில் சமமாக நின்றிருந்தன, சாம்பியன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கீழ்ப்பிரிவுக்குப் போகவும் யாரும் இல்லை, மேல்பிரிவுக்கு வரவும் யாரும் இல்லை. இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் இருந்த காம்பூர் அணி அங்கேயே நின்றுபோனது. பிரான்ஸ் ஏப்ரல் கடைசியிலேயே முடித்துக்கொண்டு, ஒரு மேட்சுக்கு எத்தனை பாயிண்ட் என்ற சராசரியை வைத்து பாரிஸ் அணியான பிஎஸ்ஜிக்குப் பட்டம் கொடுத்தது, அமியான், துலூஸ் இரண்டையும் கீழே அனுப்பியது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஸ்காட்லாந்தில் ஹார்ட்ஸ் அணிக்கு இன்னும் எட்டு மேட்ச் பாக்கி, அதையும் சராசரி போட்டுக் கீழே தள்ளினார்கள். இங்கிலாந்திலேயே மூன்றாம் பிரிவான லீக் ஒன்னில் நடந்தது எனக்கு நம்பவே முடியவில்லை. எட்டாம் இடத்தில் இருந்த விகோம்ப், மற்றவர்களைவிடக் குறைவான மேட்ச் ஆடியிருந்ததால், சராசரிக் கணக்கில் மூன்றாம் இடத்துக்குத் தாவியது. ஆறாம் இடத்தில் இருந்த பீட்டர்பரோ, மேல்பிரிவுக்குப் போக ஆடும் பிளேஆஃபை விட்டே வெளியே போனது. விகோம்ப் பிளேஆஃபை நியாயமாக ஆடி ஜெயித்து முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்கு வந்துவிட்டது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன கிளப்புகளுக்கு வாரம் இரண்டு முறை எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கவோ டிக்கெட் வருமானம் இல்லாமல் மைதானத்தைத் திறக்கவோ காசு இல்லை என்பதும் உண்மைதான்.

பிரீமியர் லீக்கிடம் காசு இருந்தது, ஆடாவிட்டால் டிவிக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பயமும் இருந்தது. பணத்துக்காகத்தான் ஆடினார்கள் என்று நண்பன் ஒருவன் தினமும் திட்டுவான். பணம் காரணம்தான், நானும் மறுக்கவில்லை. வீரர்களுக்கும் தயக்கம் இருந்தது. வாட்ஃபோர்டின் ட்ராய் டீனி தன் கைக்குழந்தையை நினைத்து முதலில் பயிற்சிக்கே போகவில்லை, அவரை யாரும் கட்டாயப்படுத்தாதது நல்லது. மே மாதம் எடுத்த முதல் சுற்று டெஸ்டில் 748 பேரில் ஆறு பேருக்கு உறுதியானது. அதற்குப் பிறகு ஒரு மாதம் நிதானமாக எடுத்துக்கொண்டு, எந்த அணிக்கும் சொந்தமில்லாத பொது மைதானத்தில் ஆடும் யோசனையைக் கைவிட்டு, ஐந்து மாற்று வீரர்கள், ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் இடைவேளை என்று விதியைத் தளர்த்தி ஆரம்பித்தார்கள். இந்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

சராசரி போட்டு முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டியலை எடுத்துவைத்துப் பார்த்தேன். லிவர்பூல் 25 பாயிண்ட் முன்னால் இருந்தது, அதனால் பட்டம் எப்படியும் அவர்களுக்குத்தான், முப்பது வருஷக் காத்திருப்பு அது. ஆனால் 99 பாயிண்ட் வந்திருக்காது, ஜூலை 22 அன்று ஆன்ஃபீல்டில் செல்சியை 5-3 என்று அடித்துவிட்டுக் ரசிகர்கள் வழக்கமாக நிறைந்திருக்கும், இப்போது காலியான கோப் ஸ்டாண்டில் மேடை போட்டுக் கோப்பையைத் தூக்கிய அந்த ராத்திரியும் வந்திருக்காது. மூன்றாம் இடத்தில் 53 பாயிண்டோடு இருந்த லெஸ்டர், முதல் நான்கு அணிகளுக்கான ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்குப் போயிருக்கும். ஆடிப் பார்த்ததில் ஒன்பது மேட்சில் ஒன்பது பாயிண்ட்தான் எடுத்து அந்த வாய்ப்பை இழந்தது, 45 பாயிண்டில் ஐந்தாவதாக இருந்த மான்செஸ்டர் யுனைடெட் அதே ஒன்பது மேட்சில் 21 எடுத்து, நேற்று லெஸ்டரையே 2-0 என்று தோற்கடித்து மூன்றாம் இடத்துக்கு வந்தது.

கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டிய பட்டியலின் அடியில் இன்னும் சிக்கல். ஆஸ்டன் வில்லா 28 மேட்சில் 25 பாயிண்ட், சராசரி 0.89. போர்ன்மவுத்துக்கும் வாட்ஃபோர்டுக்கும் 29 மேட்சில் 27, சராசரி 0.93, கோல் வித்தியாசத்தில் வாட்ஃபோர்ட் மேலே. கால்குலேட்டர் சொல்வது வில்லா, போர்ன்மவுத், நார்விச் மூன்றும் கீழே என்று. மைதானம் சொன்னது வில்லாவுக்குப் பதில் வாட்ஃபோர்ட் என்று.

நான் வில்லா ரசிகன் இல்லை, ஆனால் இந்தச் சீசன் முழுக்க வில்லாவைச் சுற்றியே நடந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. மார்ச் 9 அன்று லீக் நிற்பதற்கு முன் நடந்த கடைசி மேட்சில் லெஸ்டரிடம் 4-0 என்று தோற்றது அவர்கள்தான். சரியாக நூறு நாள் கழித்து ஜூன் 17 இரவு பத்தரைக்கு முதல் மேட்ச் ஆடியதும் அவர்கள்தான், ஷெஃபீல்ட் யுனைடெட்டோடு. நாற்பத்திரண்டாவது நிமிஷம் வாக்கில் ஆலிவர் நார்வுட் இடது பக்கமிருந்து ஃப்ரீகிக் அடிக்கிறார், வில்லா கீப்பர் நைலண்ட் பந்தைப் பிடித்தபடியே பின்னால் போய்த் தன் ஆளோடு மோதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சாய்கிறார். டிவி பார்த்த எல்லோருக்கும் அது கோல் என்று தெரிந்தது. பந்து கோட்டைத் தாண்டினால் துடிக்க வேண்டிய தன் கைக்கடிகாரத்தை ரெஃப்ரி மைக்கேல் ஆலிவர் காட்டுகிறார், அது துடிக்கவில்லை. ஏழு கேமராவும் ஆட்களால் மறைக்கப்பட்டுவிட்டன, ஒன்பதாயிரம் மேட்சுக்கு மேல் இப்படி நடந்ததே இல்லை என்று கோல்கோட்டுத் தொழில்நுட்பத்தை நடத்தும் ஹாக்ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வீடியோவைப் பார்த்து முடிவைத் திருத்தும் விஏஆரும் வாயைத் திறக்கவில்லை. 0-0, வில்லாவுக்கு ஒரு பாயிண்ட். நேற்று வில்லா 35 பாயிண்ட், போர்ன்மவுத் 34, வாட்ஃபோர்ட் 34.

ஆடி முடிப்பதுதான் நியாயம் என்று சொல்லும் என்னையே இது உறுத்துகிறது. இருந்தாலும் அந்த ஒரு பாயிண்டைத் தவிர மற்ற ஒன்பது மேட்சில் வில்லா எடுத்த ஒன்பது பாயிண்டை யாரும் கையில் கொடுக்கவில்லை. கடைசி நான்கு மேட்சில் கிரிஸ்டல் பேலஸையும் ஆர்சனலையும் ஜெயித்து, எவர்டனோடும் வெஸ்ட் ஹாமோடும் டிரா செய்து எட்டு பாயிண்ட் சேர்த்தார்கள். வாட்ஃபோர்ட் இரண்டு மேட்ச் பாக்கி இருக்கும்போது பயிற்சியாளரை மாற்றிக்கொண்டிருந்தது.

மதிப்பெண்: லீக் முடித்த விதத்துக்கு ஐந்துக்கு நாலரை, கோல்லைன் தவறுக்காக அரை குறைத்தேன். ஒளிபரப்புக்கு மூன்று. செயற்கைச் சத்தத்துக்கு ஒன்று. நேரம் கிடைத்தால் எல்லாவற்றையும் தேட வேண்டாம், லிவர்பூல்-செல்சி 5-3, அப்புறம் நேற்றைய வெஸ்ட் ஹாம்-வில்லா இரண்டை மட்டும் மறுஒளிபரப்பில் பாருங்கள்.

நேற்று டிவியில் வெஸ்ட் ஹாம்-வில்லா, போனில் எவர்டன்-போர்ன்மவுத் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 84ஆவது நிமிஷம் வில்லாவின் கேப்டன் கிரீலிஷ் கோல் அடித்தார், வில்லா தப்பித்தது என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்த நிமிஷமே யார்மொலென்கோ அடித்த பந்து அதே கிரீலிஷ் மேல் பட்டு வளைந்து அன்றைய வில்லா கீப்பர் ரெய்னா தலைக்கு மேலே உள்ளே விழுந்தது. 1-1. வெஸ்ட் ஹாம் இன்னொன்று அடித்தால் வில்லா கீழே, போர்ன்மவுத் மேலே. போர்ன்மவுத் அந்தப் பக்கம் 3-1 என்று முன்னால் இருந்தது, தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டது. கடைசி விசில் ஊதியதும் டிவியில் வில்லாக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள், அந்தச் சத்தம் மட்டும் நிஜம். ஒரு நிமிஷம் பின்தங்கி ஓடும் போனில் போர்ன்மவுத் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.